கோர்ட்டு சம்மன் வந்தால் ஒளிய வேண்டாம், பதில் சொல்வோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



நான் நம்ம கூட்டமைப்பில் கணக்கு எழுதுகிறேன். அதோடு வட்ட சட்டப் பணிகள் குழுவில் சட்டத் தன்னார்வலராகவும் இருக்கிறேன். அதனால் வாரத்தில் ஒரு நாளாவது யாராவது ஒரு அக்கா மஞ்சப் பையில் ஒரு காகிதத்தை மடித்துக் கொண்டு வருவாங்க. "இது என்னன்னு பாரு கண்ணு, ராத்திரி தூக்கமே இல்ல"ம்பாங்க. அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

நம்ம குழு உறுப்பினர் ஒருத்தங்க, தையல் கடை வைத்திருக்கிறவங்க, அவங்க கதையைச் சொல்றேன். அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன். பேர் வேண்டாம், கணக்கு மட்டும் போதும்.

2018 டிசம்பரில் ஒரு நிதி நிறுவனத்தில் 80,000 ரூபாய் கடன் வாங்கினாங்க. மாதம் 4,200 வீதம் 24 தவணை. 2019 ஜனவரியில் ஆரம்பித்து 2020 மார்ச் வரை 15 தவணை ஒழுங்காகக் கட்டினாங்க. அதில் ஐந்து தவணை வீட்டுக்கு வந்த வசூல்காரரிடம் ரொக்கமாகக் கொடுத்தது, ரசீது வாங்கியிருக்காங்க. அப்புறம் கொரோனா வந்தது. கடை பூட்டிக் கிடந்தது. மீதி 9 தவணை நின்று போச்சு. நிறுவனமும் கொஞ்ச நாள் போன் செய்தது, பிறகு சத்தமே இல்லை.

2025 ஜனவரியில் ஒரு நாள் கோர்ட்டு அமீனா வந்தார். வீட்டில் மாமியார்தான் இருந்தாங்க. கையெழுத்துப் போட்டு வாங்கி டி.வி. மேல வைத்துட்டாங்க. பிரித்துப் பார்த்தால் வாதி பெயர் இவங்க கேள்விப்படாத ஒரு கம்பெனி. கேட்ட தொகை 1,96,000 ரூபாய். "இந்தக் கம்பெனிகிட்ட நான் ஒரு பைசா வாங்கலையே, இது ஏதோ ஏமாத்து வேலை"ன்னு அவங்க வீட்டுக்காரர் சொன்னார். மாமியாரோ கறவை மாட்டை விற்று முதலில் ஏதாவது கட்டிடலாம்னு சொன்னாங்க. ரெண்டுமே செய்ய வேண்டாம், முதலில் படிப்போம்னு உட்கார்ந்தோம்.

இந்தக் கம்பெனி எங்கிருந்து வந்தது? வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வசூலாகாத கடன்களை மொத்தமாகக் கட்டுக்கட்டி விற்கலாம். வாங்குவதற்கென்றே சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்கள் இருக்கு. ஏ.ஆர்.சி.ன்னு சொல்வாங்க. 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டப்படி ரிசர்வ் வங்கியில் பதிவு செய்திருக்கணும். பதிவு செய்த நிறுவனங்களின் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்திலேயே இருக்கு, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கடனை விற்க நம்ம சம்மதம் தேவையில்லை. அதனால் "உங்ககிட்ட வாங்கலையே"ன்னு சொன்னா வழக்கு தள்ளுபடி ஆகாது. ஆனால் ஒன்று: விற்றவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதுதான் வாங்கினவருக்கும். நாம் கட்டின தவணை அவருக்கும் கட்டினதுதான். பெரும்பாலும் முழுத்தொகைக்குக் குறைவாகத்தான் இந்தக் கடன்களை வாங்குவாங்க. பேசித் தீர்க்க இடம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து, வந்த காகிதம் என்னன்னு பிரித்துப் பார்க்கணும். வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட்டு காகிதம் இல்லை. வாட்ஸ்அப்பில் "உங்களைக் கைது செய்ய ஆணை"ன்னு முத்திரையோட வருவது பெரும்பாலும் மிரட்டல். நிஜ சம்மனில் கோர்ட்டு பெயர், வழக்கு எண், வாய்தா தேதி இருக்கும், கூடவே பிராது நகல் இருக்கும். சந்தேகம் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையோ, நம்ம பெயரையோ போட்டுப் பார்க்கலாம். எங்கள் உறுப்பினர் வழக்கு அதில் இருந்தது. நிஜ வழக்குதான். 20 லட்சத்துக்குக் குறைவான தொகை என்பதால் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகாமல் நம்ம ஊர் உரிமையியல் நீதிமன்றத்திலேயே போட்டிருந்தாங்க.

சில பேர் "சம்மனை வாங்காட்டி கேஸு நடக்காது"ன்னு நினைச்சு கதவைச் சாத்திக்கிறாங்க. அது ரொம்பத் தப்பு. வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவாங்க. அதுவும் வாங்கினதாகத்தான் கணக்கு. வீட்டில் இருக்கும் வயது வந்தவர் யார் வாங்கினாலும் நாம் வாங்கினதாகத்தான் அர்த்தம்.

வாய்தாவுக்குப் போகலைன்னா என்ன ஆகும்? எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகும். 1,96,000 சரியா தப்பான்னு கேட்க எதிரில் ஆள் இல்லை. அவங்க சொன்னதே தீர்ப்பாகிடும். அப்புறம் நிறைவேற்று மனு, ஜப்தி. அப்படி ஆகிவிட்டாலும் தீர்ப்பு தேதியிலிருந்து 30 நாளுக்குள், சம்மனே முறையாக வரலைன்னா நமக்குத் தெரிய வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள், அதை ரத்து செய்யக் கேட்டு மனு போடலாம். ஆனால் அது இரட்டை வேலை. முதல் வாய்தாவுக்கே போய்விடுவது நல்லது.

"வக்கீலுக்குக் காசு?" அதுதான் எல்லாரும் கேட்பது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ன்படி பெண்கள் எல்லாருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. பெண் என்ற ஒரே தகுதி போதும், வருமானச் சான்று தேவையில்லை. கோர்ட்டு வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். ஆதார் நகலும் சம்மனும் எடுத்துக்கிட்டுப் போய் மனு எழுதிக் கொடுத்தால் வக்கீல் நியமிப்பாங்க. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். எங்கள் உறுப்பினருக்கு அப்படித்தான் ஒரு வக்கீலம்மா கிடைச்சாங்க.

பதிலுரை தாக்கல் செய்ய சம்மன் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள். காரணம் சொன்னால் நீதிமன்றம் 90 நாள் வரை தரலாம். சில வழக்குகள் சுருக்கு விசாரணை முறையில் வரும். அதில் 10 நாளுக்குள்ளேயே ஆஜராகணும். அதனால் சம்மன் வந்த அன்றைக்கே மேல் ஓரத்தில் தேதியை எழுதி வையுங்க.

பதிலுரையில் பிராதின் ஒவ்வொரு பத்திக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லணும். மறுக்காமல் விட்டால் ஒத்துக்கிட்டதாக ஆகிடும். அதற்காகப் பொய் சொல்லக் கூடாது. கடன் வாங்கியதை எங்கள் உறுப்பினர் மறைக்கவில்லை. வாங்கினேன், 15 தவணை கட்டினேன், மீதி இவ்வளவு அல்லன்னுதான் சொன்னாங்க. வக்கீலம்மா நாலு விஷயம் கேட்டாங்க.

ஒன்று, கடனை விற்ற பத்திரம் எங்கே? பத்திரம் மட்டும் போதாது. ஆயிரக்கணக்கான கடன்கள் அதில் இருக்கும், இவங்க கணக்கு எண் அந்தப் பட்டியலில் இருக்கிறதான்னு காட்டணும்.

இரண்டு, முதல் நாளிலிருந்து முழுக் கணக்கு அறிக்கை எங்கே? கடைசி வரியில் ஒரு பெரிய தொகையை மட்டும் போட்டால் ஆகாது. அறிக்கை வந்தபோது பார்த்தால் 10 தவணைதான் வரவு வைத்திருந்தது. ரொக்கமாகக் கொடுத்த ஐந்து தவணை, 21,000 ரூபாய், காணோம். ரசீது ஐந்தும் இவங்க சேலைப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அங்கேதான் வழக்கு திரும்பியது.

மூன்று, வட்டியும் அபராதமும் எப்படிப் போட்டீங்க? அவங்க கணக்குப்படியே பார்த்தாலும் 14 தவணைக்கு 58,800 ரூபாய்தான். மீதி 1,37,200 ரூபாய் முழுக்க வட்டி, அபராதம், செலவு. அபராதத்தின் மேல் வட்டி ஏற்றக் கூடாதுன்னு 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கு. ஒப்பந்தத்தில் இல்லாத கட்டணத்தையும் கேட்க முடியாது.

நான்கு, காலாவதி ஆச்சா? இதைக் கவனமாகக் கேளுங்க. அடமானம் இல்லாத கடனுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. இடத்தை அடமானம் வைத்திருந்தால் 12 வருஷம். 2020-ல் நின்ற கடனுக்கு 2024 நவம்பரில் வழக்கு, அப்போ காலாவதின்னு எங்களுக்கு முதலில் தோணுச்சு. ஆனால் கொரோனாவுக்காக 15.3.2020 முதல் 28.2.2022 வரையுள்ள காலத்தைக் கெடுவில் சேர்க்கக் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. அதைக் கழித்தால் 2025 பிப்ரவரி கடைசி வரை அவங்களுக்கு நேரம் இருந்தது. அதனால் அந்த வாதம் இவங்களுக்கு உதவலை. மற்றவங்களுக்கு உதவலாம், தேதி போட்டுப் பாருங்க.

கெடு பற்றிச் சொல்லும்போது இன்னொன்று. இவங்க வீட்டுக்கு வழக்குக்கு முன்னாடியே ஒரு ஆள் வந்து, "இதில் ஒரு கையெழுத்துப் போடுங்க, கேஸு வராம பார்த்துக்கிறேன்"னு கேட்டிருக்கார். இவங்க போடலை. நல்ல வேளை. கெடு முடிவதற்குள் கடனை எழுத்தில் ஒத்துக்கிட்டால் மூன்று வருஷம் புதிதாக ஆரம்பிக்கும். கெடு முடிந்த பிறகும் "கட்டுகிறேன்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவே புது ஒப்பந்தமாக நிற்கும். எழுத்தும் தொகையும் படிக்காமல் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

பயத்தைப் பற்றியும் பேசணும். "ஜெயிலுக்குப் போகணுமா?"ன்னு அவங்க அழுதாங்க. பணம் கட்டச் சொல்லும் தீர்ப்புக்காக ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாதுன்னு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 56-ம் பிரிவு நேராகவே சொல்லுது. 60-ம் பிரிவு எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாதுன்னு பட்டியல் போடுது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி போல மத வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், கூலி வேலை செய்பவரின் கூலி, விவசாயியோ கூலித் தொழிலாளியோ குடியிருக்கும் சொந்த வீடு. அந்தக் கடனுக்கே அடமானம் வைத்த சொத்துக்கு இந்தப் பாதுகாப்பு வராது. செக் திரும்பியிருந்தால் அது குற்ற வழக்கு, அதையும் இதோடு குழப்பிக்க வேண்டாம். அந்த சம்மனை ஒரு நாள்கூட வைத்திருக்காமல் வக்கீலிடம் காட்டணும்.

வழக்கு எப்படி முடிந்தது? ரசீதுகளைப் பார்த்ததும் கம்பெனி வக்கீலே பேச வந்தார். மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பினாங்க. மீதி 9 தவணை 37,800 ரூபாய். கடைசியில் 42,000-க்கு முடிந்தது, மாதம் 7,000 வீதம் ஆறு தவணை. சமரச உத்தரவில் முதலில் "ஒரு தவணை தவறினால் முழு 1,96,000-மும்"ன்னு எழுதியிருந்தாங்க. வக்கீலம்மா அதை அடித்து, இரண்டு தவணை தொடர்ந்து தவறினால் மீதியுள்ள சமரசத் தொகை மட்டும்னு மாற்றி எழுத வைத்தாங்க. மக்கள் நீதிமன்ற உத்தரவுக்கு அப்பீல் கிடையாது, கோர்ட்டு தீர்ப்பு மாதிரியே நிற்கும். அதனால் ஒவ்வொரு வரியையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடணும். நம்மால் கட்ட முடியாத தவணைக்குத் தலையாட்டவும் கூடாது.

கடைசித் தவணை கட்டினதும் கடன் தீர்ந்த சான்று வாங்கினோம். சிபில் அறிக்கையிலும் மாற்றச் சொல்லி எழுதினோம். பேசிக் குறைத்துக் கட்டினால் அதில் "செட்டில்டு"ன்னு விழும். அடுத்த கடன் கேட்கும்போது வங்கி அதைப் பார்க்கும். இதையும் தெரிந்துதான் சமரசத்துக்குப் போகணும்.

சகோதரிகளே, வாங்கின கடனைக் கட்டாதீங்கன்னு நான் சொல்ல வரலை. சேமித்து, உள்கடன் கொடுத்து, ஒழுங்காகத் திருப்பிக் கட்டித்தான் நம்ம குழுக்கள் இன்றைக்குத் தலை நிமிர்ந்து நிற்குது. அந்த ஒழுங்கை எதிராளியிடமும் கேட்கிறோம், அவ்வளவுதான். நம்ம தீர்மான நோட்டில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலே கூட்டத்தை முடிக்க மாட்டோம். கோர்ட்டில் மட்டும் ஏன் 1,37,200-க்குக் கணக்குக் கேட்காமல் இருக்கணும்?

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்திலேயே, வெளியில் வாங்கின கடன் யாருக்கு எவ்வளவுன்னு வெட்கப்படாமல் எழுதி வையுங்க. ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பாஸ்புக்கோடு வையுங்க. யாருக்காவது சம்மன் வந்தால் அன்றைக்கே ஊக்குநரிடம் சொல்லச் சொல்லுங்க. கோர்ட்டுக்கு அவங்களைத் தனியாக அனுப்பாமல் கூட ஒருத்தர் போங்க. எங்கள் உறுப்பினர் முதல் வாய்தாவுக்குப் போன அன்றைக்கு அவங்க குழுவிலிருந்து நாலு பேர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாங்க. பெயர் கூப்பிட்டதும் "ஆஜர்"னு அவங்க சத்தமாகவே சொன்னாங்க. இப்போ மாடும் வீட்டில்தான் நிற்குது, மிஷினும் ஓடுது.