வழக்குத் தொடுப்போரைக் கணக்குக் கேட்டல்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சர்க்கார் ஒருவன்மீது குற்றஞ்சாட்டி வழக்குத் தொடுக்கின்றது. அவ்வாறு தொடுப்போரைக் கேள்வி கேட்பவர் யாவர்? இதுவே இன்று நம் காரியதரிசியவர்கள் எமக்கு இட்ட பொருள். நீதிபதி கேட்பார் என்று நீங்கள் விடை கூறலாம். அது மெய்யே. எனினும் நீதிபதி தம் முன் வந்த ஒரு வழக்கினையே விசாரிப்பார். வாராத வழக்கு ஏன் வாரவில்லை, வந்த வழக்கு ஏன் நடுவில் நின்றது, நூறு ஊர்களில் நூறு வழக்குகளில் ஒரே வகையான பிழை ஏன் நேர்கின்றது என்னும் வினாக்கள் அவரது மேசைக்கு வருவன அல்ல. இங்கிலாந்து தேசத்தில் அவற்றைக் கேட்கும் உரிமையும் கடமையும் பார்லிமெண்டுக்கு உள்ளன. நம் நாட்டுக் கோர்ட்டுகளின் முறை பெரும்பாலும் அங்கிருந்தே வந்ததாதலின், அக்கேள்விகள் அங்கே எவ்வாறு கேட்கப்பட்டன, எவ்விடத்தே விடை கிடையாது நின்றன என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் தகும்.

இது புதிய வழக்கமன்று. 1924-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஒரு மந்திரிசபையே இக்காரணத்தால் வீழ்ந்தது. அவ்வாண்டு ஜூலையில் ‘ஒர்க்கர்ஸ் வீக்லி’ என்னும் பத்திரிகை, போர்வீரர்கள் தொழிலாளர்மீது சுடலாகாது என்னும் கருத்துடைய பகிரங்கக் கடிதம் ஒன்றை வெளியிட்டது. அதன் ஆசிரியராயிருந்த காம்பெல் என்பவர் முன் நடந்த மகாயுத்தத்தில் காயம்பட்டுப் பதக்கம் பெற்றவர். அவர்மீது 1797-ஆம் ஆண்டின் பழஞ்சட்டம் ஒன்றன்படி வழக்குத் தொடுக்க அட்டர்னி ஜெனரல் ஹேஸ்டிங்ஸ் இசைந்தார். ஆளுங் கட்சியாகிய தொழிற்கட்சியின் மெம்பர்களே சபையில் எழுந்து வினவினர். ஆகஸ்டு 6-ஆம் நாள் மந்திரிசபை கூடியது. 13-ஆம் நாள் வழக்குத் திரும்பப் பெறப்பட்டது.

அதன்மேல் எழுந்த கேள்வியே பெரிது. அட்டர்னி ஜெனரல் தம் அறிவின்படி வழக்கை விட்டாரா, அன்றி மந்திரிகள் விடச் சொன்னமையால் விட்டாரா? பிரதம மந்திரி ராம்ஸே மாக்டொனால்டு செப்டம்பர் 30-ஆம் நாள் சபையில், தம்மை எவரும் கலந்துகொள்ளவில்லை என்றார். அக்டோபர் 8-ஆம் நாள் அவரே அவ்விடையைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. அன்றே, விசாரணைக் கமிட்டி ஒன்று அமைக்க வேண்டுமென்னும் லிபரல் கட்சியாரின் தீர்மானம் 364-க்கு 198 வாக்குகளால் நிறைவேறியது. சபை கலைந்தது, அம்மாதமே நடந்த தேர்தலில் தொழிற்கட்சி தோற்றது. மந்திரிசபையின் அனுமதியின்றி அரசியல் தொடர்புடைய வழக்கு எதனையும் தொடுத்தல் கூடாதென ஆகஸ்டு 6-ஆம் நாள் முடிவு செய்ததாக மந்திரிசபைக் குறிப்பேட்டில் எழுதியிருத்தலைப் பின்னாளில் உலகம் கண்டது. சபையில் வாயால் சொன்ன விடை மாறியது. ஏட்டில் எழுதிய குறிப்போ மாறாது கிடந்தது. இவ்வேறுபாட்டை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். இனி வருவன யாவும் இதனைப் பற்றியே நிற்பன.

இங்கிலாந்தில் நெடுங்காலம் போலீஸாரே குற்றத்தைத் துப்பறிந்து, அவர்களே வழக்கையும் நடத்தி வந்தனர். வேட்டையாடினவனே பங்கும் பிரிப்பது போன்ற இம்முறை நன்றன்றென ஸர் ஸிரில் பிலிப்ஸ் தலைமையில் அமைந்த ராஜாங்கக் கமிஷன் 1981-இல் அறிக்கை தந்தது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ‘கிரௌன் பிராஸிக்யூஷன் ஸர்வீஸ்’ என்னும் தனி இலாகா ஏற்பட்டு, 1986-இல் வேலை தொடங்கியது. அதன் தலைவர் டைரக்டர். அவரை மேற்பார்ப்பவர் அட்டர்னி ஜெனரல். டைரக்டர் ஆண்டுதோறும் அறிக்கை எழுதி அவரிடம் தர, அவர் அதனைப் பார்லிமெண்டின் முன் வைத்தல் வேண்டும். வழக்குத் தொடுப்பதா விடுப்பதா எனத் துணிதற்குரிய பொதுவிதிகளும் ஒரு தொகுப்பாக வெளியிடப்படுகின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பார்லிமெண்டு எதனையும் கேட்கலாமா? இன்னான்மேல் வழக்குத் தொடு, இன்னானை விட்டுவிடு என்று சொல்லலாமா? ஆகாது. சொல்லத் தொடங்கினால் நியாயஸ்தலம் கட்சிக் களரியாகிவிடும். 1951-ஆம் ஆண்டு ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் ஷாக்ராஸ் காமன்ஸ் சபையில் இதனைத் தெளிவுபடுத்தினார். பொதுநலனைப் பற்றி மற்ற மந்திரிகளின் கருத்தை அட்டர்னி ஜெனரல் கேட்டறியலாம். ஆயினும் முடிவு அவருடையதே, அவரை வற்புறுத்தும் அதிகாரம் அவர்களுக்கில்லை என்பது அவர் கூற்றின் சாரம். மந்திரிகளுக்கே அவ்வதிகாரம் இல்லையெனின், மெம்பர்களுக்கு ஏது?

ஆகவே ஒவ்வொரு வழக்கிலும் கைவைக்கும் உரிமையைத் தானே விட்டுக்கொடுத்த பார்லிமெண்டுக்கு எஞ்சியவை இரண்டே. ஒன்று, அவ்விலாகா கைக்கொள்ளும் விதிகளை ஆராய்தல். மற்றொன்று, அவ்விதிகளின்படி நடந்ததா என்பதை அதன் ஏடுகளைக் கொண்டு அறிதல். ஏடு பொய்த்தால் விதி எவ்வளவு செம்மையாயிருந்தும் பயனில்லை. சட்டம் பயின்ற நம் நண்பர் சிலர் இதனைக் குமாஸ்தா வேலை என்று இகழ்வதுண்டு. யாம் அவரோடு உடன்படோம்.

ஓர் உண்மைச் செய்தியால் விளக்குவோம். வழக்குத் தொடுப்போர் தம் கட்சியைத் தளர்த்தக்கூடியதோ, எதிரிக்கு உதவக்கூடியதோ ஆகிய சான்று தம்மிடம் இருப்பின், அதனை எதிரிக்கு வெளிப்படுத்த வேண்டுமென்பது அந்நாட்டின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம். போலீஸார் தாம் திரட்டியவற்றுள் வழக்கில் பயன்படுத்தாதவற்றுக்கு ஒரு ஜாபிதா எழுதித் தருவர். அதனைக் கண்டு இலாகா வக்கீல் முடிவு செய்வார். 2017-ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனிலுள்ள கிராய்டன் நீதிமன்றத்தில் நடந்தது யாது? பலாத்காரக் குற்றம் சாட்டப்பட்ட 22 வயது மாணாக்கன் ஒருவன் ஏறத்தாழ ஈராண்டு ஜாமீனில் நின்றான். குற்றஞ்சாட்டிய பெண்ணின் தொலைபேசியினின்று எடுத்த ஏறத்தாழ 40,000 செய்திகள் போலீஸார் வசம் இருந்தும், விசாரணை தொடங்கிய பின்னரே எதிரியின் வக்கீல் கைக்கு வந்தன. அவற்றைக் கண்டதும் வழக்கைக் கைவிட்டனர். ஈராண்டுக் காலம் அவன் தாய் எவ்வாறு உறங்கியிருப்பாள் என்பதை இங்குள்ள தாய்மார்களே அறிவர். இத்தகைய பிழையால் மெய்யாகவே தீங்குற்ற பெண்களின் சொல்லையும் ஊரார் ஐயுறத் தலைப்படுகின்றனர், அக்கேடும் சிறிதன்று.

இது தனித்த ஒரு பிழையா? அவ்வாண்டு ஜூலையிலேயே அந்நாட்டு மேற்பார்வை அதிகாரிகள், போலீஸார் எழுதும் ஜாபிதாக்கள் வழக்கமாகவே குறையுடையன என்றும், இலாகா வக்கீல்கள் அவற்றைத் தட்டிக் கேட்பதில்லை என்றும் எழுதியிருந்தனர். 2018-இன் தொடக்கத்தில் இலாகாவே தன் கையிலிருந்த இவ்வகை வழக்குகள் 3,637-ஐ மீளப் புரட்டிப் பார்த்தது. ஆறு வார காலத்துள் நின்ற வழக்குகளில் 47-இல் வெளிப்படுத்தற் குறை காணப்பட்டது.

காமன்ஸ் சபையின் நீதிக் கமிட்டி, பாப் நீல் தலைமையில் இதனை விசாரித்து, 2018 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. குறை நெடுங்காலமாக அறியப்பட்டதே என்றும், தலைமையில் இருப்போர் போதிய கவனம் செலுத்தவில்லை என்றும் கண்டித்தது. அவ்வறிக்கையுள் எம் கண்ணை ஈர்த்தது வேறொன்று. இக்குறையோடு நின்றுபோன வழக்குகளின் தொகையை இலாகாவின் புள்ளிவிவரம் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைத்துக் காட்டியிருக்கக்கூடும் என்கின்றது அக்கமிட்டி! பத்து இருந்த இடத்தில் ஒன்று எனக் கணக்கு. ஒரு வழக்கு விழுவதற்குக் காரணங்கள் பல இருக்கலாம். எழுதுவோன் எதனைக் காரணமென்று ஏட்டில் பதிகின்றானோ அதுவே எண்ணிக்கையாகின்றது. பதியாதது உலகத்தில் நிகழாததே போலாகின்றது. இத்தனை ஆண்டுகளாகச் சபையில் மெம்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இவ்வேட்டினின்றே அன்றோ விடை எடுத்துத் தந்திருப்பர்? கேட்டவரும் பொய்யரல்லர், சொன்னவரும் பொய்யரல்லர். ஆயினும் சபை கேட்டது மெய்யன்று.

குறைத்தெழுதுவது ஒருவகைக் கேடு. இல்லாமற் செய்வது மற்றொன்று. விக்கிலீக்ஸ் ஸ்தாபகர் அஸாஞ்சே என்பவரை ஸ்வீடன் தேசம் கேட்டபோது, அத்தேசத்தின் சார்பில் லண்டன் கோர்ட்டுகளில் வழக்காடியது இந்த இலாகாவே. அவர் 2012-இல் ஈக்வடார் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்து ஏழாண்டுகள் அங்கேயே இருந்தார். இத்தாலிய நிருபர் ஸ்டெபானியா மௌரிட்ஸி என்னும் அம்மையார், இலாகாவுக்கும் ஸ்வீடனுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்தைத் தகவலறியும் சட்டத்தின்படி 2015 முதல் கேட்டு வந்தார். ஒரு பகுதி கிடைத்தது. வழக்கைக் கவனித்த வக்கீல் 2014-இல் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றதும், அவரது மின்னஞ்சற் கணக்கு வழக்கமான முறைப்படியே அழிக்கப்பட்டதென்று 2017-இல் வெளிப்பட்டது. வழக்கு அப்பொழுது முடிந்திலது. அவர் தூதரகத்தினுள் இருந்தார்! அழிக்கப்பட்டவற்றில் என்ன இருந்ததென அறிய வழியில்லை என்றது இலாகா. தீய எண்ணத்தால் அழித்தார்கள் என்று யாம் கூற வரவில்லை. கூறவும் இயலாது, மறுக்கவும் இயலாது. அதுவே இங்குள்ள தீங்கு. நாளை ஒரு மெம்பர் எழுந்து அவ்வாண்டுகளில் இலாகா ஸ்வீடனுக்கு முழுதும் என்ன அறிவுரை கூறிற்று எனக் கேட்பாராயின், அட்டர்னி ஜெனரல் எதனைப் பார்த்து விடை சொல்வார்? அவ்வழிப்பு எப்பொழுது, எவ்வாறு, எக்காரணத்தால் நிகழ்ந்தது என்பது பற்றிய செய்தி தன்னிடம் உண்டா இல்லையா என்பதையேனும் சொல்லுமாறு, 2025-ஆம் ஆண்டு ஜனவரியில்தான் தீர்ப்பாயம் இலாகாவுக்குக் கட்டளையிட்டது.

பெரியபுராணத்தில் தடுத்தாட்கொண்ட கதையை அறியாதார் நம் அவையில் இலர். மணப்பந்தரில் முதியவர் காட்டிய ஓலையை நம்பியாரூரர் பற்றிக் கிழித்தெறிந்தார். கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, கிழிந்தது படியோலை, மூலவோலை வேறு என்றார் முதியவர். திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் அம்மூலவோலையை வாங்கி, அதிலிருந்த பாட்டனாரின் கையெழுத்தைக் காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்டே தீர்ப்புச் சொன்னார்கள். பக்திச் சுவையை ஒரு புறம் வைத்து இதனைப் பாருங்கள். ஓலையைக் காத்து வைக்கும் இடம் ஒன்று அவ்வூரில் இல்லையெனின் அவையத்தார் என் செய்திருப்பர்?

கதை வேண்டா, கல்லைக் காட்டுக என்பாருக்கு உத்தரமேரூர் இருக்கின்றது. முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுக்கள் அவை. குடவோலையால் வாரியத்திற்கு ஆள் எடுக்கும் முறையை விரித்துக் கூறுமிடத்து, முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதாரையும், அவர்தம் உறவினரையும் மீண்டும் ஓலையில் எழுதலாகாதென விலக்குகின்றன. கணக்குத் தவறென்று காட்டவேண்டியதில்லை; கணக்குக் காட்டாமையே போதும். உறவினரையும் சேர்த்து விலக்கியது மிகையென்று இக்காலத்தார் சொல்லலாம். எமக்கும் அவ்வாறே படுகின்றது. ஆயினும் காட்டாமையையே குற்றமாக வைத்த அவர்கள் கருத்து, லண்டன் கமிட்டியார் 2018-இல் தேடியதற்கு அயலதன்று.

நம் சங்கத்து இளைஞர் சிலர் சட்டக் கல்லூரியில் பயில்வதாகக் காரியதரிசியவர்கள் சொன்னார்கள். நீதிக் கமிட்டியின் அவ்வறிக்கை எவரும் படிக்கும் வண்ணம் வெளியிடப்பட்டுள்ளது. புள்ளிவிவரத்தைப் பற்றிய பகுதியை அவர்கள் முதலிற் படிக்கட்டும். நம் மாகாணத்துக் கோர்ட்டுகளில் விடுபட்ட வழக்குகளுக்குக் காரணம் எந்த ஏட்டில், எவர் கையால் எழுதப்படுகின்றது என்பதை வக்கீல் நண்பர்களிடம் கேட்டறிந்து, அடுத்த கூட்டத்தில் நமக்கு எடுத்துரைப்பார்களாக.