விலையும் விருந்தும்



கீரிமலையில் ஒரு புறம் உவர்க்கடல். மதிலுக்கு இப்பால் நன்னீர்க் கேணி. வற்றாத ஆறுகள் பாயாத யாழ்ப்பாணத்தில், நிலத்தில் விழும் மழைநீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளூடே ஊர்ந்து வந்து, இங்கே ஊற்றாக வெளிப்படுகின்றது. கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இதில் நீராடி அம்முகம் நீங்கப்பெற்றார் என்பது தலபுராணம். முனிவருக்கும் பாமரருக்கும் ஒரே நீர். ஊற்று எவரிடமும் விலை கேட்பதில்லை.

ஆனால், நீராடிய பின் பசிக்குமல்லவா? அங்கேதான் விலை வந்துவிடுகிறது.

என் தாயார் இப்பகுதியிற் பிறந்து வாழ்ந்தவர். 1990ஆம் ஆண்டில் போரினால் இடம்பெயர்ந்தார். நெடுங்காலங் கழித்து, மீண்டுங் கிடைத்த காணியைக் காண அவரை அழைத்துச் சென்றேன். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும் பற்றையுமே எஞ்சியிருந்தன. அடுப்பு இல்லாத ஊரில் மதிய உணவுக்கு எங்கே போவது? கடலை நோக்கிய புதிய உணவுச்சாலை ஒன்றிற் புகுந்தோம்.

உணவுப் பட்டியலில் ஒடியற் கூழ் இருந்தது. அதன் விலையைக் கண்ட தாயார், பரிமாற வந்த இளைஞரை நிமிர்ந்து நோக்கி, “தம்பி, இது கூழுக்கு மட்டுமோ, பானையோடு சேர்த்தோ?” என்றார். அவர் காய்ச்சிய காலத்தில் முற்றத்தைச் சுற்றி அயலவர் அமர்வர். பனையோலைப் பிழாவில் அனைவருக்கும் கூழ் வார்ப்பார். இங்கோ ஒரு சிறு பீங்கான் கிண்ணம்!

எனக்குச் சினமே வந்தது. சொந்த ஊரின் கூழைச் சொந்த ஊரிலேயே, விருந்தினர் போலிருந்து, விலைக்கு வாங்குவதா?

சற்றுச் சிந்தித்தேன். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவும் எண்ணெயும் ஏறிய ஏற்றத்தை யாவரும் அறிவோம். நண்டும் இறாலும் வெளிநாட்டுச் சந்தைக்கும் போகின்றன. அது மட்டுமன்று. பனங்கிழங்கைக் கிழித்து உலர்த்த வேண்டும். இடித்து மாவாக்க வேண்டும். நீரில் ஊறவைத்துக் கசப்பை நீக்க வேண்டும். மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை அனைத்தையும் பதமறிந்து சேர்க்க வேண்டும். இத்தனை உழைப்புக்கும் எங்கள் வீட்டில் எவரும் விலை எழுதவில்லை. அதனாலன்றோ கூழை மலிவான உணவென்று எண்ணியிருந்தோம்! உணவுச்சாலைக்காரர் எழுதிய விலை, என் தாயார் ஆண்டுக்கணக்காகப் பெறாத கூலியையே எனக்கு நினைவூட்டியது.

கிண்ணம் வெறுமையானதும் அவ்விளைஞர் அருகில் வந்து, “ஆச்சி, இன்னும் கொஞ்சம் விடட்டோ?” என்றார். தாயாரின் முகம் மலர்ந்தது.

“கேட்டதே போதும் ராசா.”

வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தாரேயன்றிப் பொருட்பாலில் வைத்தாரில்லை. கடை நடத்துவோர் உணவுக்கு விலை பெறுதல் முறையே. அந்த ஒரு கேள்விக்கு மாத்திரம் பட்டியலில் விலை எழுத இயலாது. அது இருக்கும் இடத்தில், வீடிழந்தவரும் சிறிது நேரம் வீட்டில் இருக்கிறார்.