வீட்டில் இருந்தே வேலைக்கு இன்டர்வியூ
(ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)

நான் வட்டக்கானல். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். மைக்கைப் பிடிச்சா எனக்குக் கை நடுங்கும், அதனால எழுதி வச்சே படிக்கிறேன். கடன், வட்டி, சேமிப்பு பற்றி மத்தவங்க பேசிட்டாங்க. நான் எங்க வீட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்றேன்.

என் நாத்தனா பி.காம் முடிச்சவ. முன்னெல்லாம் ஒரு வேலைக்குக் கூப்பிட்டா விடியக்காலம் பஸ் ஏறி, வத்தலக்குண்டு வழியா மதுரை போய்ச் சேரவே மதியம் ஆயிரும். கூட ஒரு ஆள் போகணும், ரெண்டு பேருக்குச் சார்ஜ், சாப்பாடு. கொரோனாவுக்குப் பிறகு நிறைய கம்பெனிக்காரங்க முதல் பேச்சை போன்லயே முகம் பார்த்து முடிச்சுக்கிறாங்க. ஆகா, நல்லதாப் போச்சுன்னு நினைச்சோம். ஆனா முதல் இன்டர்வியூ எங்க வீட்டில் எப்படி நடந்துச்சுன்னு கேளுங்க.

மத்தியானம் மூணு மணிக்கு நேரம் குடுத்திருந்தாங்க. கார்த்திகை மாசம். நம்ம பக்கம் மூணு மணிக்கு என்ன இருக்கும்? மூட்டம் இறங்கிரும். அன்னைக்கு மழையும் சேர்ந்துச்சு. எங்க வீடு தகரக் கூரை, மழை விழுந்தா பக்கத்தில் இருக்கிறவ பேசுறதே கேக்காது. அவ என் கொழுந்தனார் போனை வாங்கி உக்காந்தா. அதில் அவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் "தல வெறியன்"னு இருந்திருக்கு. அந்தப் பக்கம் இருந்த மேடம், "இதில் யாரும்மா கேண்டிடேட்?"னு கேட்டாங்களாம். பேச ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷத்தில் கரண்ட் போச்சு. அதோட சிக்னலும் போச்சு. குடையைப் பிடிச்சுக்கிட்டு மேல ரோட்டு வளைவுக்கு ஓடினோம். அங்க சிக்னல் கிடைக்கிறதுக்குள்ள அவங்க முடிச்சுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அவ சாப்பிடல. எங்க அத்தை, "இதுக்குத்தான் படிக்க வச்சது போதும், வர்ற தையில் மாப்பிள்ளை பாப்போம்னு சொன்னேன்"னு ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு அதுதான் பயம். இன்னொரு தடவை இப்படி ஆனா அந்தப் பேச்சு முடிவாயிரும்.

அடுத்த தடவைக்கு நாங்க தயாரானதைத்தான் உங்ககிட்டச் சொல்லணும்னு வந்தேன்.

முதலில் போன். குழுவில் உள்கடன் 6,000 கேட்டேன். "வருமானத்துக்கா, செலவுக்கா?"ன்னு நம்ம அக்காமார் கேட்டது நியாயம்தான். வருமானத்துக்குன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, பழைய போன் ஒண்ணு வாங்கினோம். பேரை அவ பேராவே மாத்தினோம். பேசிக்கிட்டு இருக்கும்போது வேற கால் வந்தா படம் நின்னுரும். அதனால வேற கால் தொந்தரவு பண்ணாத மாதிரி முதல் நாளே செட்டிங் மாத்தி வச்சோம். ஒரு மணி நேரம் முகம் பார்த்துப் பேசினா ஒரு ஜிபி வரைக்கும் போகும். காலையிலேயே ரீல்ஸ் பார்த்துத் தீத்துடக் கூடாது, இது என் மகனுக்குச் சொன்னது. எங்க வீட்டுக்காரர் போன் வேற கம்பெனி சிம். அதில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பக்கத்தில் வச்சிக்கிட்டோம், ஒண்ணு போனா இன்னொண்ணு.

நேரம் குடுக்கும்போது "காலையில் பத்து மணிக்கு முடியுமா சார்"னு கேக்கச் சொன்னேன். அவ கேக்கத் தயங்கினா. கேட்டா தப்பா நினைப்பாங்களாம். கேட்டப்போ சரின்னுட்டாங்க. நம்ம ஊரில் காலை வெளிச்சம் நம்பலாம், மத்தியானத்தை நம்ப முடியாது. சனி ஞாயிறும் வேண்டாம். டால்பின் நோஸ் பாக்க வர்ற கூட்டம் அத்தனையும் அதே சிக்னலைத்தான் இழுக்கும்.

இடம் பார்த்ததுதான் வேடிக்கை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உக்காந்தா முகம் கறுப்பாத் தெரியுது. ஜன்னலைப் பார்த்து உக்காரணும், வெளிச்சம் முகத்தில் விழணும். பின்னாடி பூண்டு மூட்டை அடுக்கியிருந்தது, அதை மறைச்சு என் வெளிர் நீலச் சேலையைக் கட்டினேன். போன் கண்ணுக்கு நேரா இருக்கணும்னு அரிசி டின் மேல வச்சு, சாயாம இருக்க முன்னாடி அம்மிக்குழவியைப் படுக்கப் போட்டோம். கோழியைக் கூடையில் கவுத்தாச்சு. பத்து மணிக்குக் குக்கர் வைக்கிறதில்லைன்னு நானே தீர்மானம் போட்டுக்கிட்டேன்.

கேள்விக்கு வருவோம். நாலு நாள் சாயங்காலம் நான் ஆபீசர், அவ வேலைக்கு வந்தவ. கேள்வியை அவ தமிழ் எழுத்தில் எழுதித் தந்தா, நான் இங்கிலீஷ்ல வாசிச்சேன். அவ பதில் சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. ஆனா எந்தக் கேள்விக்குக் கண்ணு கீழ போகுது, எங்க குரல் இறங்குதுன்னு எனக்குத் தெரியுமில்ல? "மதினி, நீங்க கம்பெனிக்காரங்களை விட மோசம்"னு சொன்னா. "உங்களைப் பத்திச் சொல்லுங்க"ன்னா அப்பா பேரு, ஊரு பேருன்னு ஆரம்பிச்சா. அதை விட்டுட்டு, நம்ம குழுக் கணக்கை ரெண்டு வருஷம் கம்ப்யூட்டர்ல ஏத்தினதைச் சொல்லுன்னேன். அது அவ கையால செஞ்ச வேலை. வர்றாத இங்கிலீஷ் வார்த்தைக்கு முழிச்சு நிக்காம, "தமிழ்ல சொல்லலாமா சார்"னு கேக்கவும் பழகினோம்.

ஒரு கேள்வி மட்டும் நாங்க எழுதி வைக்கல. அன்னைக்கு அதைத்தான் கேட்டாங்க: "கல்யாணம் ஆனா வேலையை விட்டுருவீங்களா?" நான் கதவுக்குப் பின்னாடி நின்னேன், என் பக்கத்தில் அத்தை. அவ ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், "என் அண்ணனைக் கேட்டீங்கன்னா இந்தக் கேள்வி கேக்க மாட்டீங்க சார். நான் வேலையை விடுறதுக்காக வேலைக்கு வரல"ன்னு சொன்னா. அத்தை என் கையைப் பிடிச்சாங்க. கோபமா, என்னன்னு எனக்கு இன்னும் தெரியாது. மாப்பிள்ளைப் பேச்சு அதுக்கப்புறம் எழும்பல.

பதினஞ்சு நாள் கழிச்சு மெயில் வந்துச்சு. மதுரையில் வேலை, முதல் ஆறு மாசம் பயிற்சி. போன வாரம் விடுதியில் சேர்த்துட்டு வந்தோம். கடனில் மூணு தவணை கட்டியாச்சு.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. இடையில் வேற ஒரு போன் வந்துச்சு, வேலை உறுதி, ரெஜிஸ்ட்ரேஷனுக்கு 1,500 ரூபாய் அனுப்புங்கன்னு. அவ அனுப்பப் போனா, நான் போனைப் பிடுங்கிட்டேன். வேலை குடுக்கிறவன் நம்மகிட்டப் பணம் கேக்க மாட்டான். யாராவது ஏமாந்து அனுப்பியிருந்தா, வெக்கப்பட்டு மூடி வைக்காம உடனே 1930க்குப் போன் பண்ணுங்க, அது சைபர் குற்றத்துக்கான நம்பர்.

கடைசியா ஒரு கோரிக்கை. தகரக் கூரை எங்க வீடு மட்டும் இல்ல. நம்ம கூட்டமைப்பு அறை காங்கிரீட், ஜன்னல் இருக்கு, கரண்ட் போனா பேட்டரியில் ஓடுது. கூட்டம் இல்லாத நாளில் பூட்டித்தான் கிடக்கு. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைக்கு இன்டர்வியூன்னா ரெண்டு மணி நேரம் சாவி குடுக்கணும். கரண்டுக்கு இருபது ரூபாய் வாங்கிக்கங்க, நோட்டில் எழுதிக்கங்க. வர்ற மாதக் கூட்டத்தில் இதைத் தீர்மானமா வைக்கப் போறேன். எங்க குழுவில் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டுட்டாங்க. மத்த குழு அக்காமார் போகும்போது என்னைப் பாருங்க, நோட்டு என் பையில் இருக்கு.