எழுதினவன் எஜமான்; பேசுறது யாரு?



'முன்னோர் கதையைக் காப்பது பாட்டி சொல்லா, பழைய ஏடா?' என்பது தலைப்பு. எதிரணித் தங்கச்சி அழகா ஒண்ணு கேட்டாங்க: "ஏட்டை எழுதினவன் எஜமான். அதுல அடிமையோட கதை எப்படி இருக்கும்?"

சொல்றேன். அமெரிக்க சுதந்திரப் போர். 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் ஆங்கிலேய கவர்னர் டன்மோர் பிரபு அறிக்கை விட்டார். கலகக்காரர்களுடைய அடிமைகள் எங்க பக்கம் வந்து ஆயுதம் எடுத்தா விடுதலை! கருணை இல்லீங்க, போர்த் தந்திரம். அவர்கிட்டயே அடிமைகள் இருந்தாங்க! ஆனாலும் ஆயிரக்கணக்கில் ஓடி வந்தாங்க.

1783. ஆங்கிலேயர் தோத்து, நியூயார்க்கை விட்டுக் கிளம்பறாங்க. 'எங்க சொத்தைத் திருப்பிக் கொடு'ன்னு கேட்கிறார் ஜார்ஜ் வாஷிங்டன். சொத்துன்னா மனுஷங்க! ஆங்கிலேயத் தளபதி கார்ல்டன், 'விடுதலைன்னு வாக்குக் கொடுத்தாச்சு, தர முடியாது. பின்னாடி நஷ்டஈடு பேச, கணக்கு எழுதி வைக்கிறோம்' என்றார்.

அந்தக் கணக்குதான் 'புக் ஆஃப் நீக்ரோஸ்'. சுமார் 3,000 பேர். பேரு, வயசு, உடல்வாகு, யாருடைய அடிமை, எப்போ தப்பினார், எந்தக் கப்பல். மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்களே, அந்த மாதிரி வருணனை. படிச்சா வயிறு எரியும். ஆனா அதுலதான் இருக்கு: ஹாரி வாஷிங்டன், வயது 43, முன்பு ஜெனரல் வாஷிங்டனின் உடைமை, 7 ஆண்டுகளுக்கு முன் அவரை விட்டு வந்தவர்! (கைதட்டல்)

இன்னொருத்தி டெபோரா. 20 வயசு, அதே வாஷிங்டன் பண்ணை. தப்பி வந்து சுமார் 4 வருஷம்னு ஏடு சொல்லுது. ஆனா பண்ணை நிர்வாகி எழுதி வெச்ச பட்டியல்படி, 1781ல ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஆத்துல வந்தப்போ போனவங்க 17 பேர்ல அவளும் ஒருத்தி! அப்போ ரெண்டு வருஷம்தானே ஆகுது? அதிகாரி எதிர்ல நின்னு, 'நான் எப்பவோ வந்தவ, என்னைத் திருப்பி அனுப்ப முடியாது'ன்னு கூட்டிச் சொன்னாளோ? இது என் ஊகம்தான். ஆனா தங்கச்சி, எஜமானுக்காக எழுதின கணக்குல அந்தப் பொண்ணோட குரல் கேக்குதா இல்லையா?

கனடாவில் நோவா ஸ்கோஷியாக்காரங்க இன்னைக்கும் பூட்டன் பூட்டி பேரைத் தேடுறது இந்த ஏட்டுலதான்.

கப்பல் ஏறாமலே அம்மை கண்டு செத்தவங்களும் ஏராளம். அவங்க பேரு இந்த ஏட்டுல இல்லை, ஒத்துக்கறேன். அவங்க கதையைச் சொல்ற பாட்டி யாராவது இருந்தா எதிரணி கூட்டிட்டு வரட்டும், உட்கார்ந்து கேட்கத் தயார்.

மணி அடிச்சுட்டீங்க நடுவரே.