மாத்திரையும் மௌனமும்
(படவேட்டில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ரேணுகாம்பாள் சந்நிதி விளங்கும் இவ்வூரில் இலக்கியம் கேட்க வந்தவர்கள் என்னை மன்னிப்பார்களாக. யான் இன்று பேசப் புகுவது ஒரு மாத்திரையைப் பற்றி.

நம் தேசத்தில் நீரிழிவுடையார் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறுகின்றது. யானும் அவருள் ஒருவன். நோய் தொடக்க நிலையிற் கண்டறியப்பட்டு, மெட்பார்மின் என்னும் மாத்திரையை உண்ணத் தொடங்கினேன். மூன்றாம் நாளே குமட்டல். ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு. பாடம் நடத்துகையில் இருமுறை வகுப்பை விட்டு எழுந்தோட நேர்ந்தது. நாணமுற்று, மருத்துவரிடத்தும் மனைவியிடத்தும் ஒன்றும் கூறாது மாத்திரையை நிறுத்தினேன். வயிறு அமைதியுற்றது, நோயும் போயிற்றென மயங்கினேன். மூன்று திங்கள் கழித்துச் செய்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை முன்னினும் ஏறியிருந்தது.

மருத்துவர் சினந்தாரல்லர். “வெறும் வயிற்றிலா உண்டீர்?” என்று மட்டும் வினவினார். ஆம், அதுவே யான் செய்த பிழை.

இம்மருந்து கல்லீரல் சர்க்கரையை மிகுதியாக வெளிவிடுதலைத் தடுப்பது. தொடக்கத்தில் குமட்டல், உப்புசம், கழிச்சல், நாவில் உலோகச்சுவை ஆகியவற்றைச் சிலர்க்கு உண்டாக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் இவை தணிந்துவிடும். உணவோடு அல்லது உணவுண்டவுடன் கொள்ளுதல், 500 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் தொடங்கி மருத்துவர் சொற்படி மெல்ல உயர்த்துதல் ஆகிய இரண்டும் துன்பத்தைக் குறைக்கும். அப்பொழுதும் தணியாவிடில், மெதுவாகக் கரையும் வகை மாத்திரை உண்டு. அதனை உடைக்காமலும் மெல்லாமலும் விழுங்குதல் வேண்டும்.

“ஆங்கில மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும்” என்பார் நம்முள் பலர். சிறுநீரகத்தைக் கெடுப்பது அடங்காத சர்க்கரையே. சிறுநீரகம் முன்னரே தளர்ந்திருப்பின் மெட்பார்மினின் அளவைக் குறைத்தலோ, நிறுத்துதலோ வேண்டும், பரிசோதனை அதன்பொருட்டே. ஐரோப்பியப் பூண்டொன்றின் ஆராய்ச்சிவழிப் பிறந்த இம்மருந்தை 1957-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் நீரிழிவுக்குப் பயன்படுத்தி வெளியிட்டார். இத்தனை ஆண்டு பழகிய மருந்துக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

எனினும் எச்சரிக்கை வேண்டும். கடும் வாந்தி, பேதி, காய்ச்சலால் உண்ணவும் பருகவும் இயலாதபோது, மாத்திரையைத் தொடரலாமா என்று உடனே மருத்துவரைக் கேட்க வேண்டும். பல்லாண்டு உண்பவர்க்கு பி12 என்னும் சத்துக் குறையக்கூடும். பாதம் மரத்தால் மறையாது சொல்லுக. மெட்பார்மின் மட்டும் உண்பவர்க்குச் சர்க்கரை மிகத் தாழ்தல் அரிது. கிளிமிபிரைடு போன்றவற்றையும் உண்பவர் ஆடி வெள்ளியன்று பட்டினி கிடந்தால், வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் நேரலாம். அவ்வறிகுறி கண்டவுடன், நினைவோடிருப்பவர்க்குச் சர்க்கரை கரைத்த நீரைத் தருக. விரதத்துக்கு முன் மருத்துவரைக் கேட்பது பக்திக்குக் குறைவன்று.

வள்ளுவப் பெருந்தகை ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நான்காக வகுத்தார்: நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பணிபுரிவோன். பிற மூன்றும் செவ்வையாய் அமைந்தும், முதலாவதாகிய யான் வாய்திறவாமையால் மருத்துவம் முடங்கியது. நான்காம் இடத்திலிருந்த என் மனைவிக்கும் யான் வாய்ப்பளித்தேனில்லை. இன்று இரவு உணவு முடிந்தவுடன் மாத்திரையை எடுத்துத் தருபவர் அவரே. வயிறும் பழகிவிட்டது, சர்க்கரையும் இறங்கியுள்ளது.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே மாத்திரைகள் வீட்டு வாயிலுக்கே வரலாயின. வந்த மாத்திரை பரணில் உறங்குமாயின் பயன் யாது? ஆதலின் சகோதரர்களே, தொல்லை கண்டால் மாத்திரையை எறியாதீர், மருத்துவரிடம் சொல்லுங்கள். தாய்மார்களே, “மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா?” என்று வீட்டாரைக் கேளுங்கள். அவ்வொரு வினா என் மூன்று திங்களைக் காத்திருக்கும்.