சோலைபாடியும் பொந்து மரமும்

(மலையடிவார ஊராட்சி உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பற்றிப் பேசவேண்டிய இவ்விடத்தில் ஒரு சிறு பறவைக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். பட்டுப்போன மரத்தை வெட்டுவதா, விட்டுவைப்பதா என்ற கேள்வி உங்கள் மன்றத்தின் முன் அடிக்கடி வருகிறது. அக்கேள்வியோடு இப்பறவையின் வாழ்வு பிணைந்திருக்கிறது. ஆகையால்தான் அதைப்பற்றிச் சில சொற்கள் கூற முன்வந்தேன்.

சோலைபாடி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழ்வது. ஊர்த் தோட்டங்களில் நாம் காணும் குண்டுகரிச்சானுக்கு இது நெருங்கிய உறவு. ஆண் பறவையின் தலை, மார்பு, முதுகு ஆகியவை பளபளக்கும் கருநிறம். வயிறு செங்காவி நிறம். வாலின் அடிப்புறம் தூய வெண்மை. பறவையின் நீளம் ஏறக்குறைய 25 செண்டிமீட்டர். அதில் பாதியளவு வாலே ஆகும். எடையோ சுமார் 30 கிராம்தான். பெண் பறவை சாம்பல் கலந்த பழுப்பு நிறமுடையது. அதன் வாலும் குட்டையானது.

இது கூச்சமுள்ள பறவை. மூங்கிற் புதர்களிலும் அடர்ந்த செடிகளின் நிழலிலும் மறைந்து திரியும். தரையில் கிடக்கும் சருகுகளிடையே வண்டு, எறும்பு, புழு, சிலந்தி முதலியவற்றைத் தேடித் தின்னும். ஆளரவம் கேட்டால் சட்டென்று பறந்துவிடும்; அப்போது வாலடியின் வெண்மை மட்டுமே நம் கண்ணிற் படும்.

கண்ணுக்குப் புலப்படாத இப்பறவையைக் காட்டிக்கொடுப்பது அதன் பாட்டே. விடியற்காலையிலும், மற்றப் பறவைகள் அடங்கிய அந்தி வேளையிலும் இனிய குரலில் நெடுநேரம் பாடும். பிற பறவைகளின் குரலையும் தன் பாட்டில் கலந்துகொள்ளும். உலகில் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்யப்பட்ட பறவைப் பாட்டு இதனுடையதுதான். ஜெர்மனியில் லுட்விக் கோக் என்பவர் சிறுவனாக இருந்தபோது, 1889-ஆம் ஆண்டில், கூண்டிலிருந்த ஒரு சோலைபாடியின் பாட்டை மெழுகு உருளையிற் பதிவு செய்தார்.

இனிக் கூட்டைப் பற்றிக் கூறுவேன். ஏப்ரல் முதல் ஜூன் வரை இதன் முக்கியமான இனப்பெருக்கக் காலம். சோலைபாடி மரத்தைக் கொத்திப் பொந்து அமைக்க வல்லதன்று. உளுத்த மரத்தில் தானாக உண்டான குழியையோ, மூங்கிற் குத்தின் இடுக்கையோ தேடிக்கொள்கிறது. அதில் சருகு, வேர், நார் முதலியவற்றைப் பரப்பிக் கூடு அமைப்பது பெண் பறவையே. பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். பெண் மட்டுமே இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவாக அடைகாக்கும். ஆண் அருகிலிருந்து பாடித் தன் எல்லையைக் காக்கும். குஞ்சு பொரித்தபின் இரண்டுமே இரை கொணர்ந்து ஊட்டும்.

இப்பறவைக்கு மூன்று வகையில் ஆபத்து உண்டு. முதலாவது, பொந்து மரங்கள் விறகாகிவிடுவது. இரண்டாவது, கோடையிற் சருகுக்குத் தீ வைப்பது. அத்தீ அடைகாக்கும் காலத்திலேயே இரையையும் மறைவிடத்தையும் ஒருங்கே அழித்துவிடுகிறது. மூன்றாவது, பாட்டுக்காகப் பிடிப்பது. ஜாவாத் தீவில் கூண்டுப் பறவைகளுக்குப் பாட்டுப் போட்டி நடத்தும் வழக்கத்தால், அங்குள்ள காடுகளில் இது மிக அரிதாகிவிட்டது. பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பட்டியலில் இதைச் சேர்க்க 2022-இல் பனாமாவில் கூடிய மாநாடு முடிவு செய்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் காப்பளிக்கிறது. இதைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

சோலைபாடி வயலுக்கு வந்து உங்கள் பயிர்ப் புழுவைத் தின்னும் என்று நான் சொல்லமாட்டேன். அது காட்டைவிட்டு வராது. ஆனால் ஊர்ப்புறத்துப் பொந்து மரம் வேறு பறவைகளுக்கு வீடாகும். வயலெலியையும் பூச்சியையும் பிடிக்கும் புள்ளி ஆந்தை அதில்தான் குஞ்சு பொரிக்கிறது. மைனாவும் குண்டுகரிச்சானும் அவ்வாறே. ஒரு மரத்தில் பொந்து விழப் பல்லாண்டுகள் ஆகின்றன. அதை வெட்டிச் சாய்க்க ஒரு காலைப் பொழுது போதும்.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவன சிலவே. ஊராட்சிப் பொறுப்பிலுள்ள மரங்களை ஏலத்துக்குக் குறிக்கும்போது பொந்துள்ளவற்றைத் தனியே குறியுங்கள். வீட்டின்மீதோ பாதையின்மீதோ விழக்கூடியதை அகற்றத்தான் வேண்டும். மற்றதை நிற்க விடுங்கள். காட்டோரத்துச் சருகுக்குத் தீ வைக்கலாகாது என்பதைக் கிராம சபையில் எடுத்துச் சொல்லுங்கள். கண்ணி வைப்போரைக் கண்டால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

இவற்றுக்கு நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. மன்றத்தின் ஒரு தீர்மானமும், அதை நிறைவேற்றும் உறுதியுமே போதும். அடுத்த கூட்டத்திலேயே அத்தீர்மானத்தைக் கொண்டுவருமாறு கேட்டுக்கொண்டு என் உரையை முடித்துக்கொள்கிறேன்.