வரிப் பாக்கியும் வசூல் முறையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சந்திரகிரிக் கோட்டையை அண்டி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் கடை நடத்துவோர் உண்டு; உணவு விடுதி வைத்திருப்போர் உண்டு; அரும்பாடுபட்டு ஒரு மனை வாங்கி வீடு கட்டியோரும் உண்டு. வரி என்னும் சொல்லை அறியாதார் நம்மில் எவருமிலர். ஆயினும், வரி நிலுவையாகி நின்றால் அரசு அதனை எவ்வாறு தண்டுகிறது என்பதை அறிந்தவர் சிலரே. அதனைப் பற்றியே இன்று சில சொற்கள் கூற விழைகின்றோம்.

இது புதிய சிக்கலன்று. செய்யாற்றுப் பகுதியில் உக்கல் என்னும் ஊரில் முதலாம் இராசராசனின் 24-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று உளது. இரண்டு ஆண்டுகள் முழுதும் வரி செலுத்தாதாருடைய நிலத்தை ஊராரே கைக்கொண்டு விற்கலாம் என்பது அதன் ஆணை. அவ்வாணை சோழ மண்டலத்திற்கும் பாண்டி நாட்டிற்கும் மட்டுமன்றித் தொண்டை மண்டலத்திற்கும் உரியதாயிருந்தது. நிலத்தைத் தொட்டதேயன்றி, ஆளின் உடலைத் தொடவில்லை என்பதை நாம் கருத வேண்டும்.

கும்பெனி ஆட்சியில் நிலைமை வேறாயிற்று. வரி கட்டாத குடியானவனின் விரல்களைக் கிட்டியில் இறுக்கினர். உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தினர். இக்கொடுமைகளை ஆராய 1854-இல் சென்னையில் ஒரு குழு அமைந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அதில் இருந்தனர். வரி தண்டுவதற்காகக் குடிகள் சித்திரவதை செய்யப்பட்டது உண்மையே என 1855-இல் அவர்கள் அறிக்கை தந்தனர். அந்நாளில் சித்தூர், வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகர் என்பதை நினைவிற் கொள்க.

நிற்க. 1864-இல் சென்னை மாகாணத்தில் வருவாய் வசூல் சட்டம் பிறந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோதும் அச்சட்டம் பிரியவில்லை. இன்று எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலும், இப்பால் ஆந்திரத்திலும் அதே 1864-ஆம் ஆண்டுச் சட்டமே வழங்குகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம்!

அச்சட்டம் கலெக்டருக்கு மூன்று வழிகளைத் தருகிறது: அசையும் பொருளை ஜப்தி செய்தல், அசையாச் சொத்தை ஏலமிடுதல், ஆளைக் காவலில் வைத்தல். மூன்றிற்கும் வரம்பு உண்டு. ஜப்தி செய்ய ஞாயிறு எழுந்தபின் வரவேண்டும். மறையுமுன் முடிக்க வேண்டும். நிலத்தையோ வீட்டையோ பற்றுமுன் கேட்பறிக்கை தர வேண்டும். ஏலம் எடுப்பவர் அன்றே 15 விழுக்காடும், எஞ்சியதை 30 நாளுக்குள்ளும் கட்ட வேண்டும். ஏலத்தில் முறைகேடு நேர்ந்திருப்பின், 30 நாளுக்குள் முறையிட்டு அதனை நீக்கக் கோரலாம். காவலோ, சொத்தை விற்றும் பாக்கி தீராதபோது, வேண்டுமென்றே கொடாதவருக்கும் ஏய்ப்பவருக்குமே உரியது; அதுவும் இரண்டு ஆண்டுக்கு மேற்படாது. கொடுக்க இயலாதவன் வேறு, கொடுக்க மறுப்பவன் வேறு என்று சட்டமே பகுத்துக் காட்டுகிறது.

வெளியூருக்குக் குடிபெயர்ந்தால் பாக்கி தொடராது என்று எண்ணுவோருமுளர். 1890-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத்தின்படி ஒரு மாவட்டக் கலெக்டர் சான்றிதழ் அனுப்பினால், மற்ற மாவட்டக் கலெக்டர், அது வேறு மாநிலமாயினும், அத்தொகையைத் தண்டித் தருவார். வேலூர்ப் பாக்கி சந்திரகிரி வந்து கதவைத் தட்டும்!

வணிகர்களுக்கு மற்றொன்று. 1939-இல் சென்னை மாகாணம் கொணர்ந்த பொது விற்பனை வரியின் இடத்தில், 2017 சூலை முதல் நாள் தொட்டுச் சரக்கு சேவை வரி நிலவுகிறது. இதில் அதிகாரி நம் பாங்கிக்கே கடிதம் எழுதி, நம் கணக்கிலுள்ள பணத்தைப் பெறலாம். நமக்குக் கடன்பட்டவரிடமிருந்தும் பெறலாம். இறுதியில் கலெக்டருக்கு எழுதி நிலவரிப் பாக்கி போலவே வசூலிக்கலாம். ஆயினும் உத்தரவு கிடைத்தபின் பொதுவாக மூன்று மாத காலம் உண்டு. அதற்குள் வழக்கிலுள்ள வரியில் பத்தில் ஒரு பங்கு கட்டி மேல்முறையீடு செய்தால் எஞ்சியதன் வசூல் நிற்கும். கட்ட மனமிருந்தும் கையில் பொருளில்லாதார் 24 மாதத் தவணை வரை கேட்கலாம், வட்டி தொடரும். ஒரு தவணை தவறினாலும் முழுத் தொகையும் உடனே கட்ட வேண்டியதாகும். நாமே கணக்குக் காட்டி ஒப்புக்கொண்ட வரிக்கு இத்தவணைச் சலுகை கிடையாது.

ஆகவே அன்பர்களே, அறிக்கை வந்தால் அஞ்சி அதனை அலமாரியில் பூட்டி வைத்தல் வேண்டா. மொழி தெலுங்காயிருப்பின் படிக்கத் தெரிந்த இளைஞரிடம் காட்டுங்கள். அது வந்து சேர்ந்த தேதியைக் குறித்து வையுங்கள். கெடு அதிலிருந்தே ஓடுகிறது. கட்டிய ரசீதைப் பேணுங்கள். நம் சங்கம் ஆண்டுதோறும் ஒரு நாள் இத்தகைய தாள்களைப் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்தால், அது நாடகத்திற்கும் இசைக்கும் இணையான தொண்டாகும்.

நாம் நடக்கும் சாலையும் பிள்ளைகள் பயிலும் பள்ளியும் வரியால் ஆனவை. உரியதைக் காலத்தே செலுத்துவோம். உரியதல்லாததைச் சட்டத்தின் வழிநின்று மறுப்போம். கிட்டியின் காலம் போயிற்று. அறியாமையால் நாமே நம் விரலை நெரித்துக்கொள்ளாதிருப்போமாக.